நாலாம் வாய்ப்பாடு

அத்தியாயம் 6

முனைவர் எழுதிய நாலு பக்க அறிக்கையை அண்ணி மூன்று நிமிடத்தில் படித்து முடித்தார். நான் அதைவிட வேகமாக அதை வெறுத்து முடித்தேன்.

“எப்படி இருக்கு தம்பி?” என்றார் அண்ணி.

“இஸ்திரி போட்ட பொய் மாதிரி இருக்கு. ஒரு சுருக்கம் இல்லை.”

“இருக்கும். தேடுங்க.”

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் பரீட்சைப் பறக்கும் படையில் இருந்தவர். காப்பி அடிப்பவர்களின் சட்டைக் கையில் எது இருக்கும், காலுறையில் எது இருக்கும் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் அதே மூக்கை வைத்துக்கொண்டு துப்பறிகிறார். நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவன். நீதிபதியின் எழுத்துப் பிழையைத் திருத்தித் தட்டச்சு செய்ததால் வெளியே வந்தவன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரு ஸ்கூட்டரும், அடுத்தவர் தப்பைப் பார்த்தால் வரும் அரிப்பும்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரி வராண்டாவில். காலை பத்து மணி. எதிர் பெஞ்சில் எங்களை அமர்த்தியவள் இருந்தாள். அட்டை மில்லில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். மில்லில் அவளுக்குப் பெயர் பெட்டிக்காரி. அவள் செய்த பெட்டியால்தான் அந்தப் பெயர், இப்போது அதே பெட்டியால்தான் இந்தக் கதி.

அந்த மில்லில் ஈர அட்டையைக் காய வைக்க ஒரு ராட்சத விசிறி உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதன் பேரிங் சிதறி, இறக்கை கூட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் போனது. விசிறிக்குக் காவலாக வைத்திருந்ததுதான் அந்தப் பெட்டி. அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பச்சை விளக்கு எப்போதும் எரியும்; எண் நூறைத் தாண்டினால் கூடவே சிவப்பு விளக்கும் எரிந்து மணி அடிக்க வேண்டும். அன்றைக்குப் பச்சை மட்டும்தான் எரிந்தது. ஆபரேட்டர் பச்சையை நம்பி அருகே போனார்.

ஆபரேட்டர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

மேனேஜர் அவளை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டார். முதலாளிக்கு மச்சான் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு படிப்பு கிடையாது. பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்த எண்களின் பதிவேட்டை ஆராய்ந்து சொல்ல, மில்லுக்கு ஆலோசகராக வந்துபோகும் ஒரு நிபுணரைப் பிடித்துக்கொண்டார். இந்த நிபுணர் போனிலேயே “முனைவர் பேசுகிறேன்” என்று ஆரம்பிப்பவர். பெயருக்கு முன்னால் முனைவர், பின்னால் ஏழெட்டு எழுத்துகள். நடுவில்தான் ஆள் இல்லை. விபத்து வரை எல்லா அளவும் சாதாரணம், பெட்டிதான் கோளாறை உணரத் தவறியது, செய்தவளே பொறுப்பு என்பது அவர் தீர்ப்பு. இன்று மூன்று மணிக்குத் தொழிற்சாலை விசாரணை அதிகாரி முன்னால் அது உறுதியானால், மாலையே அவள்மேல் போலீஸ் வழக்கு.

அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதிரே இருந்த வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அண்ணன் அவளை உள்ளே விடவில்லை. நோயாளிகளின் கட்டிலைத் தள்ளும் ஊழியர் ஒருவரிடம் அண்ணி கேட்டு வந்திருந்தார். “தங்கச்சி வந்தா தூங்கறேன்னு சொல்லிடு” என்பதுதான் நோயாளியின் நிரந்தர உத்தரவாம்.

அவளுக்கு இதுவரை யாரும் அறிக்கையைக் காட்டவில்லை. அண்ணியே அன்று காலைதான் அதிகாரியின் அலுவலகத்தில் மனு எழுதி நகலும், மில்லைப் பார்க்க ஒரு அனுமதிக் கடிதமும் வாங்கியிருந்தார். பதிவேடு அச்சிட்டிருந்த கடைசிப் பக்கத்தை அவள் கையில் கொடுத்தார்.

24, 24, 28, 24, 20, 24, 24, 28. அப்படியே பக்கம் முழுக்க.

அவள் இரண்டு வரி படித்தாள். பிறகு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை. காலில் ஒட்டியதைப் பார்த்து வரும் சிரிப்பு.

“இது என் பெட்டி பேசற பேச்சே இல்ல மேடம்.”

அண்ணி சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொன்னார். சின்னப் பிள்ளை நான்தான் என்பது பார்வையில் தெரிந்தது.

பெட்டிக்குள் இருப்பது ஒரு மலிவான சிப். அது அதிர்வை விநாடிக்கு ஆயிரத்து இருபத்து நாலு தடவை அளக்கும். இருநூற்று ஐம்பத்தாறு அளவு சேர்ந்ததும் அதை ஒரு பிடியாக எடுத்துப் பிரித்துப் பார்த்து, விநாடிக்கு எத்தனை ஆட்டம் என்று ஒரு எண் சொல்லும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் நாலு. ஆகவே அந்தப் பெட்டிக்கு நாலு நாலாகத்தான் படி. இருபது சொல்லும், இருபத்து நாலு சொல்லும். நடுவில் இருக்கும் எதையும் சொல்ல அதற்கு வாய் வராது.

“அப்ப இது சரியாத்தானே இருக்கு? எல்லாம் நாலாம் வாய்ப்பாடுதான்” என்றேன்.

“பழைய பெட்டிக்குச் சரி.” விபத்துக்கு ஒரு மாதம் முன்னால் அவளே அதை மாற்றியிருந்தாள். பக்கத்துப் பம்பு இருபத்தாறில் அதிரும். நாலு படியில் விசிறியும் பம்பும் குழம்பிப் பெட்டி சும்மா சும்மா தடுமாறியது. அதனால் ஆயிரத்து இருபத்து நாலை எழுநூற்று அறுபத்தெட்டாகக் குறைத்தாள். “இப்ப வகுத்துப் பாருங்க. மூணு. அன்னியிலேர்ந்து என் பெட்டி மூணாம் வாய்ப்பாடுதான் பேசும். இருபத்தொண்ணு, இருபத்துநாலு, இருபத்தேழு. இருபதும் இருபத்தெட்டும் அதுக்குத் தெரியவே தெரியாது.”

அண்ணி பேனாவால் பக்கம் முழுக்க வட்டம் போட்டார். ஒவ்வொரு இருபதுக்கும், ஒவ்வொரு இருபத்தெட்டுக்கும்.

“இருபத்துநாலு ரெண்டு வாய்ப்பாட்டிலும் வருது தம்பி. வெறும் இருபத்துநாலாவே எழுதியிருந்தா ஆள் தப்பிச்சிருப்பான். அசல் மாதிரி இருக்கணும்னு ஏத்த இறக்கம் வச்சிருக்கான் பாருங்க. போன வருஷக் கேள்வித்தாளுக்கு விடை எழுதியிருக்கான்.”

“அறிக்கையில மூணாம் பக்கம் முழுக்க, பெட்டி நாலு நாலாகத்தான் பேசும், அதனால பதிவேடு அசல்னு எழுதியிருக்காரே. முனைவரேதான் அண்ணி.”

“தெரியுது. நிரூபிக்கணும்.”

அதுதான் சிக்கல். விசிறியிலிருந்த பெட்டி நசுங்கிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மாற்றியதாகச் சொல்வது குற்றம் சாட்டப்பட்டவளின் வாய். மில் ஸ்டோரில் மாற்றுப் பெட்டி ஒன்று உண்டு, அதிலும் அன்றே புதிய புரோகிராமை ஏற்றினேன் என்றாள் அவள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

மில் ஸ்டோர்கீப்பருக்கு மில்லில் பெயர் கையெழுத்து. ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்காமல் தரமாட்டார். அதிகாரியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும், அதைப் படித்ததற்கும் எங்களிடம் கையெழுத்து வாங்கினார். மாற்றுப் பெட்டி இல்லை என்றார். விபத்து நடந்த மறுநாளே முனைவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைய விசாரணையில் வைத்து விளக்கப் போகிறாராம்.

இரண்டு வாரம் பெட்டி அந்த ஆள் கையில். ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் மூணு படி என்று தெரிந்திருக்கும். தெரிந்தால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வருவார், நாங்கள் கைதட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

“தெரிஞ்சிருந்தா பதிவேட்டையும் மாத்தியிருப்பாரே” என்றார் அண்ணி. ஆனாலும் முகம் தெளியவில்லை. அறிக்கை கொடுத்தது ஒரு வாரத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு பெட்டியைத் தட்டிப் பார்த்திருந்தால்?

ஸ்டோர்கீப்பர் இதற்குள் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். பெரிய படிப்பு படித்தவர்கள் என்றால் இப்படியா, பாதிப் பொருளை விட்டுவிட்டுப் போவதா, கணக்கு முடியாமல் கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு அடாப்டரை எடுத்துப் போட்டார்.

அண்ணி அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். முனையில் மூன்று கால் உள்ள விநோதமான பிளக். டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். கேன்டீன் ஆட்கள் செல்போன் சார்ஜ் போட அடாப்டரைத் திருடிக்கொண்டே இருந்ததால், வேறு எதிலும் சேராத பிளக்கை அவளே பற்றவைத்திருக்கிறாள். அந்த மாதிரி உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று நசுங்கிவிட்டது.

“அப்ப இது இல்லாம...”

“பெட்டி மூச்சுகூட விடாது சார்” என்றாள்.

நான் போனை வைத்தேன். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் பெட்டியை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நாலு பக்கம் எழுதி, ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பக் கிளம்பிய மேதை அதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. திருடனாக இருந்தாலும் மன்னிக்கலாம். சோம்பேறித் திருடனை எப்படி மன்னிப்பது?

அடாப்டருக்கு இரண்டு கையெழுத்து போட்டோம். அண்ணி பழைய கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டி, ஒரு தாளை மட்டும் நகல் எடுக்கச் சொன்னார். என்னவென்று கேட்டேன். பரீட்சை முடியும்வரை கேள்வித்தாளைக் காட்டக் கூடாது என்றார்.

மூன்று மணிக்கு மில்லின் கூட்ட அறையில் ஆறு பேர். விசாரணை அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் கடைசி நாற்காலியில். மேஜையின் நடுவே மாற்றுப் பெட்டி, அதன் பின்னால் முனைவர். அவர் எழுத்துத் தமிழில் மட்டுமே பேசுவார். சாதாரணமாகப் பேசினால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும்.

அரை மணி நேரம் விளக்கினார். மாதிரியெடுப்பு, பகுப்பாய்வு, பிரிதிறன். அதிகாரி இரண்டு தடவை தும்மினார், ஒரு தடவை கொட்டாவி விட்டார். முடிவில் முனைவர், பெட்டியின் படி நான்கு, பதிவேட்டின் ஒவ்வொரு எண்ணும் நான்கின் மடங்கு, ஆகவே அது கலப்படமற்றது என்றார். திறமையற்ற பணியாளர்கள் கையில் கருவிகள் சிக்கினால் இதுதான் நேரும் என்று டெக்னீஷியனைப் பார்க்காமலே சேர்த்துக்கொண்டார்.

அண்ணி எழுந்து மிகவும் பணிவாகக் கேட்டார். நான் ஸ்கூட்டர் பழகிய நாளில்தான் அந்தப் பணிவைக் கடைசியாகப் பார்த்தேன். அன்று நான் சாக்கடையில் விழுந்தேன்.

“இந்தப் பெட்டி இத்தனை நாளா எங்க இருந்துது சார்?”

“எனது அலமாரியில். பூட்டப்பட்ட நிலையில்.”

“சாவி?”

“என்னிடம் மட்டுமே.”

“வேற யாரும் தொட்டிருக்க முடியாது?”

“அறவே இயலாது அம்மையீர்.”

“நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?”

முனைவர் புன்னகைத்தார். “மூன்று நாட்கள். தொடர்ச்சியாக.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அண்ணி அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து அடாப்டரை எடுத்து மேஜையில் வைத்து, பக்கத்தில் ஸ்டோர் ரசீதையும் வைத்தார். இந்தப் பெட்டி இதில் மட்டும்தான் ஓடும், இது இன்று காலைவரை ஸ்டோரில் இருந்தது, மூன்று நாள் எதில் ஓட்டினீர்கள் என்று கேட்டார். முனைவர், ஏதோ பொதுவான அடாப்டர் என்றார். அண்ணி அதைத் தட்டிக் கேட்கவில்லை. அதிகாரியின் அனுமதியோடு என்னைப் பார்த்தார்.

நான் பிளக்கைச் சொருகினேன். பெட்டி கண் விழித்தது. அதிர்வை உணரும் அதன் காந்த முனையை மூலையிலிருந்த மேஜை விசிறியின் முதுகில் ஒட்டி, விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். எல்லோரும் சின்னத் திரையைப் பார்த்தார்கள்.

21.

திருகைக் குறைத்தேன்.

18.

இன்னும் குறைத்தேன்.

15.

“எனக்குக் கணக்கு சுமார்தான் சார்” என்றார் அண்ணி. “நாலாம் வாய்ப்பாட்டில இருபத்தொண்ணு எந்த இடத்தில வருது?”

முனைவருக்குக் காது சிவந்தது. பெட்டி பழுது என்றார். அவள் இதில் ஏதோ சதி செய்து மாற்றிவிட்டாள் என்றார். அதற்குள் அதிகாரி கைக்குட்டையை இறக்கினார். மூக்கடைப்போடு அவர் பேசியது அன்று அதுதான் முதல் முறை.

“சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்ததுன்னு சொன்னீங்களே?”

“அப்படியெனில்... முன்னரே மாற்றியிருக்க வேண்டும். அனுமதியின்றி.”

“அனுமதி வாங்கித்தான்” என்று அண்ணி நகல் தாளை எடுத்தார். எனக்குக் காட்டாமல் வைத்திருந்த கேள்வித்தாள் அதுதான். விபத்துக்கு ஒரு மாதம் முன் தேதியிட்ட மாற்றக் கோரிக்கை. ஆயிரத்து இருபத்து நாலுக்குப் பதில் எழுநூற்று அறுபத்தெட்டு, படி மூன்று, இரண்டு பெட்டிகளுக்கும் என்று டெக்னீஷியன் தெளிவாக எழுதியிருந்தாள். கீழே ஆலோசகர் ஒப்புதல் என்ற இடத்தில், பட்டங்கள் அத்தனையோடும், முனைவரின் கையெழுத்து.

“படிக்காம கையெழுத்து போட்டீங்களா சார், இல்ல படிச்சிட்டுப் பொய் எழுதினீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும்னா கூடுதல் தாள் தரேன்.”

படி என்னவென்றே தெரியாதவர், படிக்கவும் இல்லை. ஒரு டெக்னீஷியன் எழுதிய தாளில் தெரிந்துகொள்ள என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு அறை முழுக்கத் தெரிந்தது.

அப்போது மேனேஜர் செல்போனை வைத்துவிட்டு ஒரு காரியம் செய்தார். நான் எதிர்பார்க்காத காரியம் இல்லை, ஆனால் இத்தனை சீக்கிரம் செய்வார் என்று நினைக்கவில்லை. அறிக்கைக்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தம் இல்லை, எல்லாம் முனைவர் பொறுப்பு, நாங்களே ஏமாந்துவிட்டோம் என்றார்.

முனைவரின் எழுத்துத் தமிழ் அங்கேயே உதிர்ந்தது.

“யோவ், நீதானய்யா மாத்தி எழுதச் சொன்ன? நீதான சிவப்பு லைட் ஒயரைப் புடுங்கச் சொன்ன?”

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. ஆனால் கீழே விழுந்த ஆள் தனியாக விழ விரும்பவில்லை. செல்போனை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அழித்துவிட்டதாக மேனேஜரிடம் சொல்லியிருந்த அசல் பதிவேடு அதில் பத்திரமாக இருந்தது. என்றைக்காவது மேனேஜரைப் பிடித்து ஆட்ட உதவும் என்று வைத்திருந்தாராம். களவாணிகளின் நட்பு இவ்வளவுதான், ஒருவன் குரல்வளையை இன்னொருவன் பையில் வைத்திருப்பான்.

அதிகாரி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 24, 27, 24, 21. பிறகு திங்கட்கிழமை காலை 117. 120. 117. 123. செவ்வாய், புதன், வியாழன் மதியம் விசிறி உடையும்வரை மூன்று நாளுக்கு மேல் பெட்டி நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கிவிடும், மிஷினை நிறுத்த முடியாது என்று திங்கட்கிழமையே மேனேஜர் சிவப்பு விளக்கின் ஒயரையும் மணியின் ஒயரையும் பிடுங்க வைத்திருந்தார். பச்சையின் ஒயர் மட்டும் மிச்சம்.

டெக்னீஷியன் எழுந்து வந்தாள். முனைவரைத் திட்டப் போகிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தேன். அவரைத் தாண்டிப் போனாள், ஒரு நாற்காலியைத் தாண்டுவதுபோல. மேஜை விசிறியை அணைத்து, காந்த முனையை எடுத்து ஒயரைச் சுற்றினாள். அதிகாரியிடம், அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்றாள்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி. கட்டில்தள்ளி எங்களைப் பார்த்ததும் “தூங்கறார்” என்று ஆரம்பித்தார். அண்ணி பார்த்த பார்வையில் அவர் நகர்ந்துகொண்டார். நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

அவள் உள்ளே போனாள். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தாளை அவர் இடது கை எட்டும் இடத்தில் வைத்தாள். வெகு நேரம் கழித்துத்தான் எடுத்தார். மில்லில் பதினெட்டு வருடம். 117 என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“எத்தனை நாள்?” என்றார்.

“மூணு நாளைக்கு மேல. கத்திக்கிட்டே இருந்திருக்குண்ணா.”

“எனக்குக் கேக்கலையே.”

“மேனேஜர் ஒயரைப் புடுங்க வச்சிட்டாரு.”

அவர் தாளைத் திருப்பி இன்னொரு தடவை படித்தார். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினார், கட்டு மட்டும் மேலே வந்தது, கீழே போட்டார்.

“உன் பெட்டிய நம்பித்தான் கை போச்சுன்னு இருந்தேன்” என்றார். “அந்த நாயை நம்பியிருக்கேன்.”

என் பக்கத்தில் அண்ணி சிவப்புப் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டார். நான் ஏதாவது கிண்டலாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். கதவிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

உள்ளே, அண்ணன் கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்டூலைக் காலால் வெளியே தள்ளினார். அவள் உட்கார்ந்தாள்.